வெள்ளிக் காது

வாடிப்பட்டி மாதா கோவில் வாசலில், வெள்ளித் தகடு விற்கும் கடையில் நிற்கிறேன். கண், கால், நாக்கு, காது என்று குணமாக வேண்டிய உறுப்பை வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்பது வழக்கம். என் மகனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. மாமியார் நாக்கு வாங்கச் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போயிருக்க வேண்டுமோ என்று பஸ்ஸிலிருந்தே மனம் அரிக்கிறது.

“நாக்கு ஒண்ணு குடுங்கண்ணே.”

“பயப்படாத தாயி. எம்மகனும் லேட்டாத்தான் பேசுனான். இப்ப அவன் வாயை மூட என்ன தகடு வாங்குறதுன்னு தெரியல!” என்று கடைக்காரர் சிரிக்கிறார்.

பக்கத்தில் வேட்டு வெடிக்கிறது. சுற்றியுள்ள குழந்தைகள் வீறிடுகின்றன. என் இடுப்பில் இருப்பவன் தாலிச் சங்கிலியை உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறான்.

“அண்ணே, நாக்கு வேண்டாம். காது குடுங்க.”

அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. “ஒரு காதா தாயி, ரெண்டுமா?”

எனக்குத் தெரியவில்லை.