ஜெபா அனுப்பிய வெறும் கடிதம்

என் தம்பி ஜெபக்குமார் போய் ஏழு வாரம் ஆகிறது. சபையில் நினைவுக் கூட்டத்துக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது, ரெஜினாவைக் கட்டியது, ஒன்பது நாள் காய்ச்சலில் படுத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் சேர்க்க முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். ஜெபா டிகிரி முடித்துவிட்டு செங்கல்பட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக உட்கார்ந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவன்தான். பத்தடி பேனரில் நாற்பது முகத்தை அடக்க வேண்டும், மாமன் முகம் சித்தப்பா முகத்தைவிட ஒரு விரற்கடை சின்னதாகிவிட்டால் கடைக்கே வந்து சண்டை போடுவார்கள். முகம், பெயர், பூ, தேதி எல்லாம் சேர்ந்து ஒரே படம். அதை அப்படியே மெஷினுக்கு அனுப்பினால் அச்சாகி வரும். ஆறு வருஷம் அப்படித்தான் வேலை செய்தான்.

பிறகு படூரில் எட்டுப் பேர் உள்ள ஒரு கம்பெனியில் சேர்ந்தான். கடற்கரை விடுதிகளுக்கும் சில கிளினிக்குகளுக்கும் வாராவாரம் மின்னஞ்சலில் செய்தி மடல் அனுப்பும் கம்பெனி. ஆங்கிலத்தில் வாசகம் எழுத பாலா என்று ஒரு பையன். அதைப் படமும் வண்ணமும் பட்டனுமாக அழகுபடுத்த ஜெபா. முதலாளி ஷ்ரவண் இவனைவிட நாலு வயது இளையவர், ஆனாலும் இவனுக்கு சார். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஓர் அட்டையை மாட்டிய முதல் ஆள் அவன்தான். அந்த அட்டையைக் காட்டித்தான் அணுபுரத்தில் ரெஜினா வீட்டில் அக்காவாக நான் போய்ப் பெண் கேட்டேன். அவள் அப்பா ஏசுபாதம் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனி வேலதானே? கடை வேல இல்லயே?" என்று கேட்டார்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஜெபாவிடம் மாமல்லபுரத்து ருக்மிணி அம்மாவுக்கான மடலைச் செய்யும் வேலை வந்தது. கணவர் போன பிறகு வீட்டின் மாடியில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டுக்கொண்டிருந்தவர். வந்து தங்கிப் போனவர்களின் முகவரி ஆயிரத்துக்கு மேல் வைத்திருந்தார். அந்த சீசனில் அறைகள் நிரம்பாவிட்டால் வீட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு பெங்களூர் போக வேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஜெபா ஃப்ளெக்ஸ் போடுவதுபோலவே போட்டான். கடல், மாடி, கட்டில், இட்லித் தட்டு, அதன்மேல் எழுத்து எல்லாம் ஒரே படமாக. வெள்ளிக்கிழமை காலை அனுப்பினான். படங்களைத் தானாகத் திறக்காத அஞ்சல்பெட்டிகளில் அது வெறும் வெள்ளைக் கட்டமாகப் போய் நின்றது. ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை.

"அண்ணாத்த, மெயில்ல பேனர் கட்டிட்டியே. கீழ 'இவண் நண்பர்கள்' போட மறந்துட்ட பாரு," என்று பாலா சிரித்தானாம்.

அன்று மதியம் ஷ்ரவணும் பாலாவும் வெளியே போயிருந்தார்கள். ருக்மிணி அம்மா போனில் அழுகிற குரலில் பேசவே, இவன் பயந்துபோய் அவர் பெயரில் தானே ஒரு கடிதம் அடித்து எல்லாருக்கும் அனுப்பினான். படம் இல்லை, வண்ணம் இல்லை, வெறும் எழுத்து. 'காலையில் வந்தது வெற்றுக் கட்டமாக இருந்தால் மன்னியுங்கள். மழை விட்டுவிட்டது. கடல் அமைதியாக இருக்கிறது. மேல் அறை இரண்டு காலியாக உள்ளன. வருவதானால் முதல் நாள் சொல்லுங்கள், சமையலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ருக்மிணி.' அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமைக்குள் முப்பத்துநாலு பேர் பதில் எழுதியிருந்தார்கள். போன தடவை தான் வந்திருந்தபோது ருக்மிணி அம்மாவுக்குக் கால் சுளுக்கியிருந்ததை ஒருவர் விசாரித்திருந்தார். அந்த மாதம் முழுக்க அறைகள் நிரம்பின.

ஜெபாவுக்கு அது தற்செயலா என்று தெரிய வேண்டியிருந்தது. அடுத்த மூன்று வெள்ளியும் பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு வண்ண மடல், மறுபாதிக்கு வெறும் எழுத்து என்று அனுப்பினான். இந்தத் தடவை வண்ண மடலை ஒழுங்காகவே செய்தான், எழுத்து தனி, படம் தனி. நன்றாகவும் இருந்தது. ஆனால் அது விளம்பரங்கள் போய் விழும் மூலையில் விழுந்தது. வெறும் எழுத்து, தெரிந்த மனுஷர் எழுதிய கடிதம் மாதிரி முன்னால் போய் உட்கார்ந்தது. மூன்று வாரமும் வெறும் எழுத்துக்குத்தான் பதில்.

ஷ்ரவணிடம் எண்களைக் காட்டினான். அவர் கோபப்படவில்லையாம். "ஜெபா, கிளையண்ட் பணம் கொடுக்கறது தன்னோட லோகோவைப் பெருசா பாக்கறதுக்கு. இதை வெளிய சொன்னா எல்லாரும் வெறும் லெட்டர் கேப்பாங்க. அப்புறம் எனக்கு பாலா போதும். நீ யோசிச்சுக்கோ," என்றார்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சாப்பிட உட்கார்ந்த நேரம் ஜெபா கூப்பிட்டான்.

"அக்கா, பேஜாரா கீது."

"இன்னாடா ஆச்சு?"

"ருக்மிணி மேடம் நேரா என்னையே கேக்கறாங்க. கலரா, வெறும் லெட்டரான்னு. நீங்க சொல்றதையே இனிமே வச்சிக்கலாங்கறாங்க."

"நீ இன்னா சொல்லப் போற?"

"லெட்டர்தான்க்கா வேல செய்து. சொன்னா அந்தம்மாக்கு வூடு நிக்கும். எனக்கு வேல நிக்காது."

எல்லாவற்றையும் சொன்னான். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"கல்யாணத்துக்கு எத்தினி நாள் கீது?"

"அம்பத்தி ரெண்டு."

"ஏசுபாதம் மாமா இன்னா கேட்டுட்டு பொண்ணு குடுத்தாரு?"

"கம்பெனி வேலதானேன்னு."

"வாய மூடிக்கினு கலருன்னு சொல்லு. மூணு ரூமு ஓடறதுக்கு நீயா பொறுப்பு? திரும்பப் போய் காதுகுத்து பேனர்ல மூஞ்சி ஒட்டிக்கினு கெடக்கப் போறியா?"

"சரிக்கா," என்றான்.

ருக்மிணி அம்மாவிடம் கலர்தான் நல்லது என்று சொல்லிவிட்டான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அறைகள் நிரம்பாமல் பங்குனியில் ருக்மிணி அம்மா வீட்டைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் போனார். வீட்டைக் குத்தகைக்கு எடுத்த விடுதிக்காரரும் இதே கம்பெனிக்குத்தான் வந்தார். திறப்பு மடலை ஷ்ரவண் ஜெபாவிடம் கொடுத்தார். அந்த வீட்டின் மாடி, படிக்கட்டு, கிணற்றடி எல்லாவற்றையும் வைத்து நாலு நாள் உட்கார்ந்து செய்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது போனில் எனக்குக் காட்டினான்.

"அழகா கீதுடா," என்றேன்.

"ஆமா. யாரும் தொறக்க மாட்டாங்க."

அதற்குமேல் அதைப் பற்றி அவன் பேசியதில்லை. நாலு வருஷம் அதே நாற்காலி. வெள்ளிதோறும் பதினோரு மடல். வேறு இடம் பாரேன் என்று ஒரு தடவை சொன்னேன். எங்கே போனாலும் இதைத்தானே செய்யச் சொல்வார்கள் என்றான். பிறகு குழந்தை பிறந்தது. ரெஜினாவுக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது. வாயை மூடிக்கொள் என்று நான் சொன்னதை அவன் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ருக்மிணி அம்மா போன் செய்தார். என் நம்பரை பாலாவிடம் வாங்கினாராம்.

"உங்க தம்பி மாதிரி ஒரு பையனைப் பாக்க முடியாதும்மா," என்றார். "நான் தத்தளிச்சிண்டிருந்தப்போ ஒளிவுமறைவு இல்லாம எது நல்லதுன்னு சொன்னவர் அவர் ஒருத்தர்தான். என் நேரம், வீடு நிக்கலை. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?"

"ஆமாம் மேடம்," என்றேன்.