ரியாக்ட்டுக்கு ஒரு பூ, ஜாங்கோவுக்கு ஒரு பூ

மழைக்காலம் தொடங்கும்போது என் வீட்டுக்காரருக்கு இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதம், எந்த மருந்துக்கும் ஆறவில்லை. "இனிமே இந்தக் கால உப்புத் தண்ணியில வெச்சீங்கன்னா அடுத்தது பாதம்தான்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

மரக்காணத்து உப்பளம் மழை முடிகிற வரைக்கும் தண்ணீருக்குள் கிடக்கும். பொங்கல் கழிந்து தண்ணீரை இறைத்துவிட்டு, உப்பு விளையும் பாத்தியின் களிமண் தரையைக் காலாலேயே மிதித்து இறுக்குவார்கள். சரியாக மிதிக்காவிட்டால் உப்பு சேறு கலந்து கறுப்பாக வரும். அந்த மிதிப்பு வேலைக்குத்தான் முதலில் ஆள் கூப்பிடுவார்கள். அதற்குள் எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டால் அவர் இறங்க வேண்டாம். இல்லாவிட்டால் இறங்கித்தான் ஆகவேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவள். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கி, பெட்ஷீட் மாற்றும் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு அரிசி வாங்கலாம், பஸ்ஸில் போய்வரலாம். மாத்திரைக்குப் பற்றாது. கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு கூடத்தில் பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். முதலாளியம்மா தன்னுடைய பழைய லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, "மத்தியானம் சும்மாதான இருக்க, போய் உக்காரு" என்றார். மூடி பிடிக்காமல் தொங்கும், டேப் ஒட்டியிருந்தது. அம்மன் கொடுத்தது என்றுதான் வாங்கிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் ஒரு பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். தலைப்பு, படம், கலர் எல்லாம் வந்தது. பக்கத்தை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கால் வைத்தும் வைக்காமலும் நின்றிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். பொங்கலுக்கு அப்புறம் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார். "எதுல வேணா செய்யுங்க. ஒரு சைட்டு ஓடற மாதிரி செஞ்சு காட்டுங்க, போதும்."

வகுப்பில் எல்லாரும் பிரேம்வொர்க் பேச்சையே பேச ஆரம்பித்தார்கள். பிரேம்வொர்க் என்றால் என்ன என்று டீச்சரைக் கேட்டேன். என்னைவிட வயதில் சின்னப் பெண் அவள்.

"கதவு, ஜன்னல் எல்லாம் ரெடிமேடா வாங்கி நிக்க வெக்கறோம்ல, அந்த மாதிரிக்கா. வேலை சீக்கிரம் முடியும்."

"அப்ப எனக்கு அதான் வேணும். எது நல்லது?"

"எதுவும் இப்ப வேணாங்க்கா. செவுரு கட்டத் தெரியாம கதவ எதுல நிக்க வெப்பீங்க? ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ரெண்டு மூணு மாசம் போடுங்க."

"ரெண்டு மூணு மாசத்துல எங்க வூட்டுக்காரரு பாத்தியில நிப்பாரும்மா."



போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் ரியாக்ட் என்கிற பிரேம்வொர்க் படித்தால்தான் வேலை என்றார். இன்னொருவர் புதிதாக வருகிறவர்களுக்கு ஜாங்கோதான், அதை எழுதும் பைத்தான் மொழி எளிது, அதோடு எல்லாம் வந்துவிடும் என்றார். மூன்றாவது ஆள் இரண்டையும் திட்டினார். பார்க்கப் பார்க்கத் தலை கிறுகிறுத்தது. எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்காமல் செய்ததில்லை. என் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வீட்டுக்காரரும் நொண்டிக்கொண்டே வந்தார். பூசாரி இரண்டு பூவைத் தண்ணீரில் நனைத்து, அம்மனின் இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாக ஒட்டினார்.

"வலப்பக்கம் எது, எடப்பக்கம் எது, வாய் விட்டுச் சொல்லும்மா."

"வலப்பக்கம் ரியாக்ட்டுங்க. எடப்பக்கம் ஜாங்கோ."

பூசாரி திரும்பிப் பார்த்தார். "யாருக்கும்மா வரன் பாக்குற? ரெண்டும் ஆரோவில் வெள்ளைக்காரன் பேரால்ல இருக்குது?"

"வரன் இல்ல சாமி. கம்ப்யூட்டர் படிப்பு."

"ஆத்தா இதெல்லாம் படிச்சிருக்காளா என்ன" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"டேய், அவளுக்குத் தெரியாதது எதுடா? வாய மூடிக்கினு கும்புடு." பூசாரி கற்பூரம் ஏற்றினார். "எந்தப் பக்கம் வுழுதோ அது உத்தரவு. ரெண்டுமே வுழலன்னா, இப்ப வேணாம், பொறுத்துக்கோன்னு சொல்றா. தெரியுதா?"

கற்பூரம் எரிந்து அணைந்தது. ஒரு பூவும் விழவில்லை. பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டு, "பொறுத்துக்கோங்கிறாம்மா. அடுத்த மாசம் வா" என்றார்.

நான் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தேன். கட்டு போட்டிருந்த துணியில் ஈரம் ஊறியிருந்தது. "சாமி, இன்னொரு வாட்டி வெச்சுப் பாருங்க. எனக்குப் பொறுக்க நேரமில்ல" என்றேன்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"ஒரே ஒரு வாட்டி சாமி."

புதுப் பூவை எடுத்து ஒட்டினார். இந்தத் தடவை தண்ணீர் சொட்டியது. எதுவானாலும் சரி, ஒன்று விழட்டும் தாயே என்று கண்ணை மூடிக்கொண்டேன். "வலப்பக்கம் குடுத்துட்டா" என்ற குரல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். விழுந்த பூவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். பஸ்ஸில் அவர் என்னைக் கேலி செய்துகொண்டே வந்தார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

ரியாக்ட்டை லேப்டாப்பில் இறக்கியபோது போனில் ஒரு நாளைக்குக் கொடுக்கிற நெட் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. பிறகு ஒரு வழியாக ஏறியது. வீடியோவில் அவர்கள் அடிப்பதைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, அப்படியே அடித்தேன். கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு சைட். அறைகளின் படம், வரும் தேதி, போகும் தேதி, பதிவு செய்ய ஒரு பட்டன். ஏன் இந்த வரி, ஏன் இந்த அடைப்புக்குறி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஓடியது, அவ்வளவுதான். பட்டனை அமுக்கியதும் 'நன்றி' என்று வந்தபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் விரலால் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். "நாமளும் ரூம் போட்டு ஒரு நாள் தங்கணும்மே" என்றார்.

நடுவில் புயல் வந்தது. கூரை ஓடு போனது, கரண்ட் பல நாள் வரவில்லை. கூனிமேட்டில் ஒரு பாயின் கடையில் ஜெனரேட்டர் ஓடியது. ஊரே போனைக் கொண்டுபோய்க் குவித்திருந்த இடத்தில் நான் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். "போனுக்கே எடமில்ல, நீ டிவி பொட்டியத் தூக்கிக்கினு வர்றியேம்மா" என்றார் பாய். சொல்லிவிட்டு, தன் மேசை மேலேயே இடம் ஒதுக்கிச் செருகிக் கொடுத்தார். அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து அடித்தேன். பொங்கலுக்கு முன்னால் சைட் முடிந்துவிட்டது.

அந்த ஆபீஸுக்குத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். அந்த மனிதர் மரியாதையானவர். என் சைட்டை முழுவதும் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா" என்றார். பிறகு வரும் தேதிக்கு முன்னால் ஒரு தேதியைப் போகும் தேதியாகப் போட்டு பட்டனை அமுக்கினார். 'நன்றி' என்று வந்தது.

"பாத்தீங்களா? வர்றதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாரு. இத மட்டும் தடுத்துக் காட்டுங்க. இங்கயே எழுதுங்க, அவசரமில்ல."

உட்கார்ந்தேன். எந்த வீடியோவிலும் இது இல்லை. இரண்டு தேதியை எப்படி ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எதையோ அடித்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்தது. அழித்தேன். மறுபடி அடித்தேன். முன்பு ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோயிற்று. அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். விரல் மட்டும் நகரவில்லை. அவர் ஒரு டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது ஆறி ஏடு கட்டியது.

கடைசியில் அவரே சொன்னார். "ரியாக்ட் எடுத்தது தப்பில்லம்மா. ஜாங்கோ எடுத்திருந்தாலும் இங்க வந்துதான் நின்னிருப்பீங்க. அதுக்குக் கீழ இருக்கற அடிப்படை இன்னும் வரல. அடுத்த வருஷம் வாங்க, நிச்சயமாப் பாக்கறேன்."

எங்கள் வகுப்பில் எந்தப் பிரேம்வொர்க்கையும் தொடாத ஒரு பெண்ணை எடுத்தார்கள். கலரே இல்லாத ஒற்றைப் பக்கம் செய்திருந்தாள். அவர் என்ன கேட்டாலும் அதில் மாற்றிக் காட்டினாளாம்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து காலைக் காய வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"வுடு. மேஸ்திரி வந்துட்டுப் போனான். திங்கக்கெழம மிதிப்பு."

"வேணாம் மாமா. வேற ஏதாவது பாக்கலாம்."

"இன்னாத்த பாக்குறது? இங்க உப்ப வுட்டா கடலு. கடலுக்குப் போனாலும் உப்புதான்."

நான் லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அவர், "ஆத்தா மொதல் வாட்டியே சொன்னாமே. நாமதான் வுடல" என்றார். என்னைக் குத்திப் பேசவில்லை. நாம் என்றுதான் சொன்னார். அது எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது. அன்றைக்கு நான் பொறுத்திருந்தாலும் பொங்கலுக்குள் அந்த வேலை கிடைத்திருக்குமா, தெரியாது. அதை அம்மனிடம் கேட்கவில்லை. எதிலும் இனி பூ வைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கும்பிட மட்டும் போகிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவருடைய காலில் துணி சுற்றி, அதன்மேல் உரச்சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையைப் போட்டு, கணுக்காலில் ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டினேன். "ரத்தம் ஓடாம கட்டிறாதமே" என்றார். மற்றவர்களோடு சேர்ந்து பாத்தியில் இறங்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதிக்கத் தொடங்கினார். கெஸ்ட் ஹவுஸுக்குப் போகும் பஸ் வருகிற வரைக்கும் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானத்துக்குள் உறை கிழிந்துவிட்டது என்று சாயந்திரம் சொன்னார்.

இப்போது மத்தியானங்களில் டீச்சரிடம் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் படிக்கிறேன். ரியாக்ட்டைத் திறப்பதில்லை. போன வாரம் அந்தத் தேதிக் கணக்கை நானே எழுதினேன். நாலைந்து வரிதான். தப்பான தேதியைப் போட்டால் நிறுத்திவிடுகிறது. டீச்சர் கைதட்டினாள்.

அன்று சாயந்திரம் அவர் காலில் கட்டைப் பிரித்தபோது விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் தோல் கறுத்திருந்தது. வெந்நீரில் கழுவி, மருந்து போட்டு, திருநீறு வைத்தேன். கணக்கு வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார். மறுநாளைக்குப் புது உறை இருக்கிறதா என்று கேட்டார்.