பச்சை விளக்கும் பேரளத்து பங்க்கும்

காரைக்கால்காரனுக்கென்று ஒரு வியாதி உண்டு. மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் பெட்ரோல் போட மாட்டான். எங்கள் பக்கம் விலை கொஞ்சம் குறைவு. நாகப்பட்டினத்துக்காரர்களே இங்கே வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அப்படியிருக்க, நாம் போய் அங்கே போடுவதா? மானக்கேடு! எனக்கு இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

போன வருடம் சித்திரை வெயிலில், கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் என் மனைவியும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெட்ரோல் முள் சிவப்பில் படுத்துவிட்டது. பேரளத்தில் பங்க்கைப் பார்த்ததும் அவள், "கொஞ்சமாவது போட்டுக்குங்க" என்றாள்.

"நம்ம ஊரு இந்தா வந்துடும். இங்க எதுக்குத் தண்டம் அழணும்?" என்றேன்.

எங்கள் பக்கத்து முதல் ஊரான அம்பகரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. எல்லையைக்கூடத் தொடவில்லை. பட்டுப்புடவையோடு அவள் நடு ரோட்டு வெயிலில் நின்றாள். பின்னால் வந்த காரைக்கால் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். "இனிமே உங்க கார்ல ஏறினா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

சொன்னால் சொன்னதுதான் அவள். நெரவியிலிருந்து காரைக்காலுக்கு இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில், நான் காரில். நிறுத்தத்தில் டிபன் பையோடு நிற்பவளைத் தாண்டிப் போவேன். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். எனக்கு அசிங்கமாக இருக்கும். தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு வாய் வராமல் ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன்.

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று விளம்பரம். செருகியதும் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. இரண்டு தடவை டேங்க்கை நிரப்பி ஓட்டிப் பார்த்தேன். சத்தியமாக மைலேஜ் கூடியிருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே வண்டி வழியில நிக்கவே நிக்காது" என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

தை மாதம் அவள் அக்கா பேத்திக்குக் கும்பகோணத்தில் காதுகுத்து. "சரி, அந்த டப்பா வேலை செய்யுதுன்னா கார்லயே போவோம். உங்கள நம்பித்தான் வர்றேன்" என்றாள்.

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் அந்த டப்பாவைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து காட்டினார். "பாருங்க சார், ஒரு பல்பு, அது மினுக்குறதுக்கு ஒரு சில்லு. இஞ்சினுக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது."

"மைலேஜ் கூடுச்சேங்க!"

"மிச்சம் புடிக்கணும்னு மெதுவா மிதிச்சிருப்பீங்க. அது உங்க காலு பாத்த வேலை."

அவர் சொன்னது நிஜம். விளக்கைப் பார்த்துப் பார்த்து, நான் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியே பல வாரம் ஆகியிருந்தது. டப்பாவை மூடித் திரும்பவும் செருகிக்கொண்டு வந்தேன். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பஸ்ஸில்தான் போவாள் என்று பயம்.

கும்பகோணம் போகிற வழியெல்லாம் அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். "பரவால்லயே, நல்லா எரியுது" என்று சிரித்தாள். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

திரும்பும்போது பேரளம் வந்தது. டேங்க்கில் பாதி இருந்தது. வீடு வரைக்கும் தாராளமாகப் போதும். வண்டியை பங்க்குக்குள் திருப்பி, "ஃபுல் பண்ணுங்க" என்றேன்.

"இங்கயா? நீங்களா?" அவளுக்கு நம்ப முடியவில்லை.

"அந்த டப்பா சும்மா, வெறும் பல்பு. தெரிஞ்சும் உன்கிட்ட மறைச்சுட்டேன். அன்னைக்கு உன்னை ரோட்டுல நிறுத்துனதும் என் கிறுக்குத்தனந்தான்."

டேங்க் நிரம்பியது, கிளம்பினோம். அன்றைக்கு வண்டி நின்ற இடம் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, இத்தனை மாசம் நான் பஸ்ல நசுங்கியிருக்க வேணாமேங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் காலையில் டிபன் பையோடு கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.