என் கணவரின் நாடி, தம்பியின் கையில்

என் கணவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்து சுகமான பிறகு, கனடாவில் இருக்கும் மகள் அவருக்கு ஒரு கைமணிக்கூடு அனுப்பினாள். அது அவருடைய நாடியை ஓயாமல் அளந்து மகளின் தொலைபேசிக்கு அனுப்பும். அங்கே ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வாராவாரம் விளக்கம் எழுதும்.

முதல் விளக்கம் வந்ததும் மகள் சந்தோஷமாக அழைத்தாள்.

"பின்னேரங்களிலை அப்பான்ர துடிப்பு நல்லா ஏறுதாம். விறுவிறுப்பா நடக்கிறாராம். உண்மையே அம்மா?"

பக்கத்து வளவு வேம்பைத் தாண்டி அவர் நடந்ததில்லை. அங்கே பின்னேரம் முழுக்கச் சீட்டு விளையாட்டு. கையில் துரும்புச் சீட்டு வந்தாலும் முகத்தில் காட்டமாட்டார், நாடிதான் துள்ளியிருக்கிறது.

"ஓம் பிள்ளை, நல்ல நடைதான்" என்றேன்.

அடுத்த விளக்கத்தில், அவர் ஞாயிற்றுக்கிழமை மலை ஏறியிருக்கலாம் என்று இருந்ததாம்.

"அம்மா, நெடுந்தீவிலை மலை எங்கை இருக்கு?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சீட்டு இனிக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பின்னேரங்களில் நாடி குளம்போல அமைதியாகக் கிடந்தது. மனுசன் தோற்கப் பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

சில வாரங்களில் மகள் அழுதுகொண்டு அழைத்தாள். பின்னேரங்களில் துடிப்பு தாளம் தவறுகிறதாம், உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டுமாம். அவரோ போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டேன். பை தூக்க என் தம்பியும் வந்தான். படகில் ஏறும்போது கணவர் பாய்ந்து பையைப் பறித்தார்.

"நீ பாரம் தூக்காதை மச்சான்."

பஸ்ஸிலும் யன்னலோரத்தை அவனுக்கே கொடுத்தார். நோயாளி யார் என்று எனக்கே குழம்பிவிட்டது.

வைத்தியர் ஈசிஜி எடுத்தார். தொலைபேசியில் இருந்த வரைபடத்தையும் பார்த்தார்.

"ஐயா, உங்கட இதயம் ஒழுங்கா ஓடுது. பின்னேரத்திலை ஓடுற இது ஆரின்ர இதயம்?"

கணவர் கூரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சீட்டுக்குப் போகேக்கை மணிக்கூட்டைக் கழட்டி மச்சான்ர கையிலை கட்டிவிடுறனான். அவன் அந்த நேரம் எங்கட வீட்டுச் சாய்மனைக் கதிரையிலை நித்திரை. அவனுக்கே தெரியாது."

வெளியே ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார்கள். ஈசிஜியில் அவன் இதயம் உண்மையாகவே தாளம் தவறியது. நல்ல காலம், வேளைக்குப் பிடிபட்டது, குளிசையோடு சமாளிக்கலாம் என்றார் வைத்தியர். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அத்தான், உங்கட வருத்தத்தை எனக்கு ஏத்திப்போட்டியள்!" என்று தம்பி கத்தினான்.

வைத்தியர் அவனிடம் கேட்டார்: "பின்னேரங்களிலை என்ன செய்யிறனீர்?"

"படுக்கிறனான்."

"அதை விடாதையும். நல்ல ஓய்வு வேணும்."

அந்த ஒரு வசனத்தைத்தான் அவன் ஊருக்குக் கொண்டுவந்தான். இப்போது ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தரச் சொன்னாலும், கதிரையில் இன்னும் கொஞ்சம் சரிந்துகொண்டு கண்ணை மூடுகிறான்.

"ஏலாதக்கா. டொக்டர் சொன்னவர்."