தம்பியின் பிழை

என் தம்பி தலசீமியா என்ற ரத்த நோயில் சின்ன வயசிலேயே போய்விட்டான். பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், நான் வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அந்த நோயைத் தரும் மரபணுப் பிழையோடு ஒரு குட்டி டிஎன்ஏ துண்டை மெஷினில் செய்து வரவழைத்திருந்தோம். ரத்தத்தில் அதே பிழை இருந்தால் துண்டு போய் ஒட்டிக்கொள்ளும்; சோதனையில் ஒரு கோடு ஒளிரும்.

தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்; அந்தப் பிழை அவளிடம் இருந்தால் பிள்ளைகளுக்கும் போகலாம். வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய் அவளிடமும் அம்மாவிடமும் ரத்தம் எடுத்துவந்தேன். தங்கைக்குக் கோடு இல்லை. அம்மாவுக்குப் பளிச்சென்று இருந்தது; நோய் வராமலே அந்தப் பிழையைச் சுமந்திருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "அந்தத் துண்டு அவன் ரத்தத்துல இருந்து எடுத்ததா?"

"இல்லம்மா, மெஷின்ல செஞ்சது. எந்த உடம்புலயும் இருந்ததே இல்ல."

"அப்புறம் எப்படி அவனோடத கண்டுபிடிச்சுது?"

"அவனுக்கு இருந்தது உனக்குள்ளயும் இருக்கு. அதான் ஒட்டிக்கிச்சு."

அம்மா ரத்தம் எடுத்த முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்ப அவன் முழுசா போகல," என்றாள். தங்கைக்குப் பயமில்லை என்று மறுபடியும் சொன்னேன். அம்மாவின் காதில் அது விழவில்லை.

அதற்கப்புறம் ஆய்வுக்கூட ஃப்ரீசரைத் திறந்து அந்தத் துண்டு இருந்த குழாயை எடுக்கும்போதெல்லாம், யாரோ தூங்குகிற அறைக்குள் நுழைவதுபோல் மெதுவாகத்தான் எடுத்தேன்.