தையல் மெஷினில் கடைந்த பிஸ்டன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். சாமி காரியத்தை எழுதப்போய் நாலு பேர் சிரிக்கும்படி ஆகிவிட்டால் பாவம் யாருக்கு என்ற பயம் வேறு. ஆனால் நடந்ததே சிரிப்பாகத்தான் நடந்தது என்றால் நான் என்ன செய்ய?

போன வெள்ளிக்கிழமை மருமகள் கிள்ளானில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குத்துவிளக்கை நானே புளி போட்டுத் தேய்த்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலில் அந்த வாடை நின்றது. பித்தளை வாடை என்றால் உங்களுக்குத் தெரியுமல்லவா, பழைய பூட்டுச் சாவியை முகர்ந்து பார்த்த மாதிரி. சுவாமி படத்துக்கு முன்னால் நின்று கையை மோந்துகொண்டே இருந்தேன். என் வாலிபமே அந்த வாடையில்தான் போயிற்று.

சப்பான்காரன் வருவதற்கு முந்தைய காலம். கோலாலம்பூரில் ஈயம் தோண்டும் லம்பங்களுக்கு வேண்டிய சாமான் செய்கிற ஒரு பட்டறையில் நான் லேத்து ஓட்டுபவன். இரும்பு, பித்தளை எது கொடுத்தாலும் கடைந்து உருட்டுவேன். பித்தளைத் தூள் முடியில் இருக்கும், காதில் இருக்கும், ஒரு நாள் ரசத்தில்கூட மின்னியது. "தங்கம் போட்டு ரசம் வெச்சது இந்தப் பிரிக்பீல்ட்ஸிலேயே நான் ஒருத்திதான்" என்றாள் என் மனைவி பாக்கியம்.

கல்யாணமான மறு வருஷம் எனக்கு மலேரியா கண்டது. மூன்று நாள் நினைவில்லை. என்னை அறியாமல் "எஞ்சின் வருது, ஒதுங்கு, எஞ்சின் வருது" என்றே பிதற்றினேனாம். பாக்கியம் பயந்துபோய், தெருக்கோடி முருகன் கோயிலுக்கு ஈரப் புடவையோடு ஓடி, "இவரு பொழைச்சு எழுந்தா ஓடுற எஞ்சின் ஒண்ணு செஞ்சு உன் சன்னதியில ஓட்டுறோம். அது வரைக்கும் அவரு தாடி எடுக்க மாட்டாரு" என்று நேர்ந்துகொண்டாள். பிழைத்து எழுந்து, கஞ்சி குடிக்கும்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"வெள்ளித் தகட்டுல எஞ்சின் மாதிரி அடிச்சுப் போட்டா போதாதா? கண்ணு நோவு வந்தவங்க வெள்ளிக் கண்ணுதானே போடுறாங்க. அது என்ன, பாக்குற கண்ணா?" என்றேன்.

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பாக்குற கண்ணு செய்ய இங்க ஆள் கெடையாது. ஓடுற எஞ்சின் செய்யத்தான் நீங்க இருக்கீங்களே."

அப்படி ஆரம்பித்ததுதான். பட்டறைத் துரையிடம் கழிவுப் பித்தளை கேட்டேன். நல்ல மனிதர், எடுத்துக்கொள் என்றார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தேன். சின்ன நீராவி ரயில் எஞ்சின்; முதலில் நான்கு சக்கரம், பிறகு பாய்லர், அப்புறம் சிலிண்டர். சிலிண்டரின் துளை என் சுண்டுவிரல் பருமன். அதற்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓட வேண்டும். இறுகினால் நகராது, தளர்ந்தால் நீராவி கசிந்து வீணாகும். முதல் பிஸ்டன் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது, பக்கத்து லேத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது. கடையும் சூட்டில் பித்தளை உப்பியிருக்கும். சூட்டோடு அளந்தால் ஆறியதும் சுருங்கிவிடும். பட்டறை எடுபிடிப் பையன்களுக்கே தெரிந்த சங்கதி. நான் ஒருமுறை அல்ல, இரண்டு முறை ஏமாந்தேன்.

இதற்குள் தாடி மார்பைத் தொட்டுவிட்டது. அந்தக் காலத்து லேத்துக்கு மேலே நீளமான தோல் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் துரை என் முன்னால் வந்து நின்று, தன் மோவாயைத் தடவிக் காட்டி, மலாயில், "இனி ஜாங்குட், மெசின் தா போலே!" என்றார். தாடியோடு மெஷின் பக்கம் வரக்கூடாது என்று அர்த்தம். திங்கட்கிழமை மழித்துக்கொண்டு வா, இல்லையென்றால் வரவே வேண்டாம் என்றும் சொன்னார்.

என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். தாடி எடுக்க வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓட பிஸ்டன் வேண்டும். பிஸ்டனுக்கு லேத்து வேண்டும். லேத்தைத் தொட வேண்டுமானால் தாடியை எடுக்க வேண்டும். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் முருகா முருகா என்றுதான் வந்தேன். அவரும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"பேசாம எடுத்துடவா? வேலை போனா ரெண்டு பேரும் எங்க போறது?" என்றேன்.

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூலையிலிருந்த தன் தையல் மெஷினைப் பார்த்தாள். அது அவள் தாய்வீட்டுச் சீர். யாரையும் தொட விடமாட்டாள்.

"இதுவும் சுத்துற மெஷின்தானே?"

மெஷினின் தலையைக் கழற்றிக் கட்டிலில் படுக்க வைத்தோம். அந்த இடத்தில் ஒரு பலகை, பலகையில் ஒரு சிறிய அச்சு, அச்சின் நுனியில் பித்தளைத் துண்டு. கீழே மிதித்தால் பெல்ட் அச்சைச் சுழற்றும். அவள் மிதிக்க வேண்டும், நான் உளியும் அரமும் பிடிக்க வேண்டும். அவளுக்கு வாயில் பக்திப் பாட்டு இல்லாமல் கால் ஓடாது. பாட்டு உருக்கமான இடத்துக்கு வந்தால் அச்சு ஏறக்குறைய நின்றுவிடும். வேகமான இடம் வந்தால் பித்தளைத் தூள் என் நெற்றியில் அடிக்கும்.

"பாட்டை நிறுத்து புள்ள!"

"பாட்டு நின்னா காலும் நிக்கும். பரவாயில்லையா?"

அளவு பார்க்கக் குனிந்தேன். பாட்டு வேகமான இடம். தாடி பெல்ட்டோடு உள்ளே போய்விட்டது.

நான் போட்ட சத்தத்தில் அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள், அந்த மட்டில் மோவாய் தப்பியது. ஆனால் முகம் பலகையோடு ஒட்டிக்கொண்டது. அசைய முடியவில்லை. துரை சொன்னது எவ்வளவு சரி என்று அந்த நிலையிலும் தோன்றியது. பாக்கியம் கத்தரிக்கோலைத் தூக்கினாள். உடனே கீழே போட்டாள். எடுத்தாள், மறுபடி போட்டாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டில் ஒரு சீக்கியர், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். இங்கே சீக்கியர்களைப் பாய் என்றுதான் கூப்பிடுவது; எல்லாருக்கும் அவர் பாய். சாணிக் கையோடு வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, முடி வெட்டாதே. பாவம்."

"அப்ப வேற என்ன வெட்டுறது பாய்?"

"பெல்ட் வெட்டு லா."

எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் அது எட்டவே இல்லை. பெல்ட்டை அறுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாக, கன்றுக்குட்டி காலில் முள் எடுக்கிற பதமாகப் பிரித்தார். ஒரு முடி அறுந்தது. அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் தன் தாடியைச் சுருட்டிக் கட்டுவது போலவே எனக்கும் சுருட்டி, துணி வைத்து இறுக்கிக் கட்டி, "இப்ப நல்ல மனுசன் மாதிரி இருக்கு" என்றார். அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு மாட்டுக் கயிறும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக் கயிற்றில் மூன்றாவது பிஸ்டன் பிறந்தது. "ஆறட்டும், ஆறட்டும்" என்று பாக்கியம் அதற்கு விசிறியால் வீசிக்கொண்டே இருந்தாள். ஆறிய பிறகு போட்டுப் பார்த்தேன். எண்ணெயில் வழுக்கிய மாதிரி உள்ளே இறங்கியது. ஓட்டிப் பார்க்கலாம் என்று பாய்லரில் தண்ணீர் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

"படையலை யாராச்சும் ருசி பாப்பாங்களா? முதல் ஓட்டம் சாமிக்குத்தான்."

ஓட்டிப் பார்க்காத எஞ்சினைத் தாம்பாளத்தில் வைத்துப் பூச்சூட்டி, சாயங்காலப் பூசைக்குக் கொண்டு போனோம். பாய்லர் சூடாக்க நான் வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பூசை செய்யும் பண்டாரம் மோந்து பார்த்து, "சாராய வாடை! சன்னதிக்குள்ள இது ஆகாது" என்றுவிட்டார். சூடம்தான் ஏற்ற வேண்டுமாம். ஏற்றினோம். எஞ்சினுக்கு அடியில் சூடம் எரிவதைப் பார்த்ததும் ஜனங்கள் வரிசையாக வந்து ஒற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் பாய்லருக்கே திருநீறு பூசினாள். கரி அப்பி எஞ்சின் எது, பண்டாரம் எது என்று தெரியாத புகை. நீராவி சீறியது. "அரோகரா!" என்றார்கள். எஞ்சின் நகரவில்லை.

இன்னும் கொஞ்சம் சூடம். இன்னும் ஒரு அரோகரா. நகரவில்லை. நாளைக் காலை துரையின் முகம் எனக்குத் தெரிந்தது. பாக்கியம் கண்ணை மூடி முருகனை முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். நான் விழுந்து கும்பிடுகிற பாவனையில் குனிந்து, ஒரு விரலால் பின்சக்கரத்தைத் தள்ளினேன்.

சக், சக், சக்கென்று கிளம்பிவிட்டது ஐயா! மூன்று முழ தூரம் தானே ஓடியது. நேராகப் பண்டாரத்தின் காலைப் பார்த்துப் போனது. அவர் மணியோடு படிமேல் தாவினார். படியில் முட்டி, சூடம் அணையும் வரைக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. அன்றைக்கே கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து தாடி எடுத்தேன். திங்கட்கிழமை துரை என் லேத்துக்கு வந்து, "அந்தத் தாடிக்காரன் வரவில்லையா?" என்று என்னிடமே மலாயில் விசாரித்தார்.

வேலை நிலைத்தது. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன்.

"நான் தள்ளிவிட்டேன்."

"பாத்தேன்."

"கண்ணை மூடியிருந்தியே."

"ஒரு கண்ணைத்தான்."

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், பிஸ்டன் கோடியில் நின்றுவிட்டால் கையால் ஒரு தள்ளு கொடுத்தால்தான் கிளம்பும், அது எஞ்சினின் சுபாவம் என்று விளக்கினேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து கொய்னா மருந்து குடுத்தாரு. அதுவும் தள்ளிவிட்டதுதான். முருகன் கோவிச்சுக்கிட்டாரா? சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். நாற்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டேன். இப்போது பாக்கியம் இல்லை. சப்பான்காரன் பித்தளைக்காகக் கோயிலின் குத்துவிளக்குகளை அள்ளிப் போனபோது எஞ்சினும் அவற்றோடு போயிற்று. பாய் மாடு கட்டிய இடத்தில் மாடிவீடுகள் எழும்பிவிட்டன. பட்டறை இருந்த இடத்தை எனக்கே இப்போது காட்டத் தெரியாது.

மிஞ்சியிருப்பது கதை மட்டும். அதையும் இப்போது கோயிலில் வேறு மாதிரி சொல்கிறார்கள். எஞ்சின் தானாகக் கிளம்பிச் சன்னதியை மூன்று சுற்று வந்து, முருகன் காலடியில் கூவி நின்றதாம். கேட்கக் கேட்க எனக்கே கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஓடியது மூன்று முழம். அதற்கு ஊதுகுழலே கிடையாது. இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக அந்த ஒரு விரலை மறைத்துவிடாதீர்கள். அதைப் பார்த்த பிறகும் பாக்கியம் எனக்குச் சோறு போட்டாள்.