தலைகீழாக நின்ற ஏழாவது தூண்

மேஸ்திரி கன்னியப்பன் தியாகராய நகரில் கட்டிய பால்கனிகளை அடையாளம் கண்டுகொள்வது எளிது. கைப்பிடியைத் தாங்கும் குட்டித் தூண்களில் ஒன்றாவது தலைகீழாக நிற்கும்.

1971ஆம் ஆண்டில் ஜவுளிக்கடைக்காரர் கணேசமூர்த்தியின் வீட்டில் அது தொடங்கியது. அச்சில் வார்த்த பதினான்கு சிமெண்டுத் தூண்களும் குடத்தைப்போல் அடிவயிறு பருத்தவை. கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள், ஏழாவது தூணுக்கு மட்டும் வயிறு மேலே இருப்பதைக் கணேசமூர்த்தி பார்த்துவிட்டார்.

"என்னவே மேஸ்திரி, இது மட்டும் ஏன் இப்படி நிக்கி?"

அவசரத்தில் நேர்ந்த தவறுதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால், எதிர்மனையில் வீடு கட்டவிருந்த ராஜரத்தினத்தின் வேலை கைநழுவிப் போகும். அவரோ பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"திருஷ்டிக்கு மொதலாளி," என்றார் கன்னியப்பன், கண் இமைக்காமல். "அல்லாம் ஒய்ங்கா இருந்தா ஊர்க்கண்ணு பட்டுடும்ல?"

கணேசமூர்த்தி மனம் குளிர்ந்து, அந்தத் தூணுக்குச் சந்தனப் பொட்டே வைத்துவிட்டார்.

வேலை கிடைத்தது. ராஜரத்தினத்தின் பால்கனியில் கன்னியப்பன் ஒவ்வொரு தூணையும் இருமுறை சரிபார்த்து, அப்பழுக்கின்றி நிறுத்தினார். அதைப் பார்த்த ராஜரத்தினத்தின் முகம் சுருங்கியது.

"ஏன்யா, திருஷ்டித் தூண் அவருக்கு மட்டுந்தானா? என் வீடுன்னா இளக்காரமா?"

கன்னியப்பன் உளியை எடுத்து, ஒழுங்காக நின்ற ஒரு தூணைப் பெயர்க்கத் தொடங்கினார்.

"ஒண்ணு போதாது," என்றார் ராஜரத்தினம். "என் பால்கனி அவரோடதைவிடப் பெரிசு. ரெண்டாப் போடு."